28 ஹெக்டேருக்கு ஒரு பழைய அறுவடை வண்டி: பார்த்தது, விட்டது, வாங்கியது

மாமாவின் நிலம் 28 ஹெக்டேர், ஏறக்குறைய 70 ஏக்கர். அதில் 18 ஹெக்டேர் கோதுமை, 7 ஹெக்டேர் பார்லி, மிச்சம் கடுகு. இத்தனை வருடமும் வாடகை வண்டிதான். பெரிய நிலங்களை முடித்துவிட்டுத்தான் வண்டிக்காரர் எங்கள் பக்கம் வருவார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரே கட்டாக நூறு ஹெக்டேர் கிடக்கும்போது, துண்டு துண்டாகக் கிடக்கும் எங்கள் வயலுக்கு யார் முதலில் வருவார்? போன பருவத்தில் சொன்ன நாளுக்கு 11 நாள் கழித்து வந்தார். நடுவில் 4 நாள் மழை. கதிரை ஒடித்து உள்ளங்கையில் வைத்துக் கசக்கிப் பார்த்தால், மணியின் அடியில் வெள்ளை வெள்ளையாக முளை. மாவுக்குப் போக வேண்டிய கோதுமை மாட்டுத் தீவனமாகப் போனது.

"மாப்ளே, இனிமே சொந்த வண்டிதான். பழசா இருந்தாலும் பரவாயில்ல, நம்ம வாசல்ல நிக்கணும்" என்றார் மாமா.

நான் டிராக்டர் பட்டறைக்காரன். இன்ஜினும் கியர் பாக்ஸும் அத்துபடி. ஆனால் கம்பைன் என்று சொல்லும் இந்த அறுவடை வண்டியின் வயிற்றுக்குள் நடக்கும் வேலை அவ்வளவாகத் தெரியாது. இது தெரியாததால் ஒரு வண்டியை வாங்கிக் கெட்டிருப்பேன். அதற்கு வருகிறேன்.

முதலில் நாட்களை எண்ணினோம்

விற்பனை விளம்பரம் எல்லாவற்றிலும் குதிரைத்திறனும் வெட்டும் அகலமும்தான் பெரிய எழுத்தில் இருக்கும். நாங்கள் வண்டியை விட்டுவிட்டு வானத்திலிருந்து ஆரம்பித்தோம். மாமா நாட்குறிப்பு எழுதுகிற ஆள். மழை பெய்த நாள், பனி எப்போது உலர்ந்தது, எல்லாம் அதில் இருக்கும். ஐந்து வருடக் குறிப்புகளைப் புரட்டியதில், கோதுமை முற்றி நிற்கும் அந்த மூன்று வாரத்தில் சராசரியாக 9 நாள்தான் வயலில் இறங்க முடிந்திருக்கிறது. மோசமான வருடத்தில் 6 நாள். காலைப் பனி காய்ந்து, மணியில் ஈரம் 18 சதவீதத்துக்குக் கீழே இறங்க மதியம் ஆகிவிடும். சாயங்காலம் தாள் மறுபடி நமத்துவிடும். ஒரு நாளைக்கு உருப்படியாக 6 மணி நேரம் என்று வைத்துக்கொண்டோம்.

மோசமான வருடத்தை எடுத்தால் 6 நாள், 6 மணி நேரம், மொத்தம் 36 மணி. 18 ஹெக்டேர் கோதுமையை அதற்குள் அறுக்க மணிக்கு அரை ஹெக்டேர் போதும். பழைய வண்டி பாதி நேரம் பழுதில் நிற்கும் என்று வைத்தாலும் மணிக்கு ஒரு ஹெக்டேர். பார்லி முந்தி முற்றிவிடும், கடுகு வேறு நேரம், அதனால் மூன்றும் ஒரே நாளில் முட்டிக்கொள்ளாது.

3 மீட்டர் அகலம் வெட்டும் வண்டி மணிக்கு 4.5 கிலோமீட்டர் வேகத்தில் போனால், ஏட்டுக் கணக்கில் மணிக்கு 1.35 ஹெக்டேர். முனையில் திரும்புவது, தொட்டியைக் காலி செய்வது, அடைத்ததை எடுப்பது என்று பத்தில் மூன்று பங்கு போய்விடும். மிஞ்சுவது 0.95 ஹெக்டேர். எங்களுக்கு விளைச்சல் ஹெக்டேருக்கு 4 டன். ஆக மணிக்கு 3.8 டன் தானியம் வண்டிக்குள் போகும். தாளைக் குலுக்கும் வாக்கர் நாலு உள்ள சின்ன வண்டி தாங்கக்கூடிய அளவுதான் இது. 2,000 லிட்டர் தொட்டியில் ஒன்றரை டன் கோதுமை பிடிக்கும், 24 நிமிடத்துக்கு ஒரு தடவை காலி செய்ய வேண்டும், ஒரே டிராக்டரும் டிரெய்லரும் ஈடுகொடுக்கும்.

அதுவரை 5 மீட்டர் வண்டிதான் வேண்டும் என்று நான் பேசிக்கொண்டிருந்தேன். இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்ட பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

தாளைக் குலுக்குவதா, சுழற்றுவதா

பழைய வண்டிகளில் இரண்டு சாதி. முதல் வகையில் குறுக்கே கிடக்கும் டிரம் கதிரை அடித்து மணியைப் பிரிக்கும். தாளில் சிக்கி மிச்சமிருக்கும் மணியை, பின்னால் உள்ள நீளமான வாக்கர்கள் ஏறி இறங்கிக் குலுக்கி உதிர்க்கும். முறத்தில் புடைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரிந்துவிடும். இரண்டாவது வகையில் நீளவாக்கில் ஒரு ரோட்டர், அடிப்பதையும் பிரிப்பதையும் அதுவே செய்துவிடும். நியூ ஹாலண்ட் 1975-இல் இரட்டை ரோட்டர் வண்டியையும், இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1977-இல் ஒற்றை ரோட்டர் வண்டியையும் விற்பனைக்குக் கொண்டுவந்தன. அந்த வழியில் வந்த பழைய ரோட்டர் வண்டிகள் இன்று சல்லிசாகவே கிடைக்கின்றன.

ரோட்டரில் சுழலும் பாகங்கள் கம்மி, விதை மணிக்கு அடி குறைவு. நல்ல விஷயம்தான். ஆனால் அதற்கு இன்ஜின் பலம் அதிகம் வேண்டும், வயிறு நிறையத் தீனியும் வேண்டும். அரை வயிற்றில் ஓடினால் தானியத்துக்கு மெத்தையாகத் தாள் இருக்காது, உடைசல் கூடும். மெல்ல ஓட்டுகிற சின்ன வயலுக்கு இது சங்கடம். அதைவிட முக்கியம், ரோட்டர் தாளை நொறுக்கிவிடும். மாமா தாளைக் கட்டி மாட்டுக் கொட்டகைக்குப் போடுகிறவர். வாக்கர் வண்டியில் தாள் முழுசாக வரும். எனவே நாங்கள் வாக்கர் வண்டியையே தேடினோம். தாளை வயலிலேயே விட்டுவிடுகிறவர் எங்கள் முடிவை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஐந்து வண்டி

ஒரு வண்டி போன் பேச்சிலேயே போனது. தகடில் உள்ள எண்ணைக் கேட்டு வாங்கி, உதிரிபாகக் கவுன்டரில் மூன்றே மூன்று சாமான் விசாரித்தேன்: டிரம் பெல்ட், டிரம்முக்குக் கீழே வளைந்து கிடக்கும் கான்கேவ், கதிரை வெட்டும் கட்டர் பாரின் கத்தி. கத்தி மட்டும் உண்டு என்றார்கள். பழைய கம்பெனிகள் கை மாறிப் போனதில் இந்தச் சிக்கல் இருக்கிறது. மாஸி ஃபெர்குசன் 1994-இல் ஆக்கோ கம்பெனியிடம் போனது, கேஸும் நியூ ஹாலண்டும் 1999-இல் ஒரே குடைக்குள் வந்தன. பெயர்ப் பலகை அப்படியே இருக்கும், உள்ளே பாக எண் மாறியிருக்கும். விலை பேசும் முன்பே இந்த மூன்று சாமானையும் கேட்டுவிடுவது நல்லது.

இன்னொன்று எங்கள் வயல் வாசலுக்குள் நுழையாது. மூன்றாவது, ரோட்டர் வண்டி, சும்மா ஆசைக்குப் போய்ப் பார்த்தோம். மீதி இரண்டும்தான் கதை.

அதில் ஒன்று புது பெயின்ட் அடித்தது. 3.6 மீட்டர் வெட்டு, கண்ணாடி கேபின், உள்ளே உட்கார்ந்தால் ராஜா மாதிரி. இன்னொன்று 1984-இல் தயாரானது. 3 மீட்டர் வெட்டு, கேபின் கிடையாது, சிவப்பு எல்லாம் வெளுத்து ரோஜா நிறமாகிவிட்டது. டயரில் வெடிப்பு. விலையில் பெயின்ட் வண்டிதான் மலிவு. வெளுத்த வண்டிக்கு 10 பங்கு என்றால் இதற்கு 7 பங்கு. நான் மனசுக்குள் முடிவே செய்துவிட்டேன். இன்ஜினைப் போட்டுக் கேட்டேன், சத்தம் சீராக இருந்தது, ஆயில் ஊற்றும் வாயில் புகை இல்லை, டிப்ஸ்டிக்கில் பால் நிறம் இல்லை. ஒரே ஒரு விஷயம்: நாங்கள் போவதற்கு முன்பே இன்ஜின் சூடாக இருந்தது. சூடான இன்ஜினில், குளிரில் ஸ்டார்ட் ஆக அது படும் பாடு தெரியாது. காலையில் சும்மா போட்டுப் பார்த்தேன் என்றார் விற்பவர்.

மாமா இன்ஜின் பக்கமே வரவில்லை. "இன்ஜின் போனா நீ பாத்துக்குவ. உள்ள போனா யாரு பாக்குறது?" என்று சொல்லிவிட்டு, சாவியை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டிரம்மின் முன் மூடியைத் திறக்கச் சொன்னார். கம்பைனுக்குள் கையை விடுகிற எவரும் முதலில் செய்ய வேண்டிய வேலை இந்தச் சாவிதான்.

டிரம்மின் மேல் நீளமாக வரி வரியான இரும்புப் பட்டைகள் இருக்கும். கதிரைத் தேய்த்து மணியைப் பிரிப்பது அந்த வரிகள்தான். விரலை வைத்துத் தடவினால் புதுப் பட்டையில் வரியின் விளிம்பு நகத்தில் மாட்டும். இதில் வழுக்கிக்கொண்டு போனது, கூழாங்கல் மாதிரி. ஒரு பட்டை மட்டும் புதுசு. இந்தப் பட்டைகளை எதிரெதிர் ஜோடியாகத்தான் மாற்றுவார்கள், இல்லாவிட்டால் எடை சமம் தவறி டிரம் முழு வேகத்தில் அதிரும். ஒன்றை மட்டும் மாற்றியவர் வேறு எங்கெல்லாம் கைவைத்திருப்பாரோ என்ற நினைப்பு வந்தது.

அப்புறம் டிரில் பிட். நான் பையில் வைத்திருந்த 10 மில்லிமீட்டர் பிட்டை டிரம்முக்கும் கீழே உள்ள கான்கேவுக்கும் நடுவில் நுழைத்துப் பார்த்தோம். இடது ஓரத்தில் இறுக்கமாக நுழைந்தது, வலது ஓரத்திலும் அப்படியே. நடுவில் பிட் ஆடியது, பக்கத்தில் இன்னொரு சின்ன பிட்டையும் சேர்த்து விடலாம் போல. எப்போதோ ஒரு கல் உள்ளே போய் கான்கேவை நடுவில் வளைத்திருக்கிறது. அந்த இடத்தில் கதிர் அடிபடாமலே பின்னால் போகும். அதைச் சரிக்கட்ட இடைவெளியைக் குறைத்தால் இரண்டு ஓரத்திலும் மணி உடையும். கல் பிடிக்கும் பள்ளத்தைத் திறந்தோம். மண்ணும் உமியும் சிமென்ட் மாதிரி இறுகிக் கிடந்தது. பள்ளம் நிரம்பிவிட்டால் கல் எங்கே போகும்? டிரம்முக்குத்தான்.

பின்பக்கம் ஏறி ஒவ்வொரு வாக்கரையும் கையால் தூக்கிப் பார்த்தோம். அவை கிராங்கில் உட்காரும் இடத்தில் பழைய வண்டிகளில் எண்ணெயில் ஊறவைத்த மரக்கட்டைகளே பேரிங்காக இருக்கும். மாற்றுவது சுலபம், மலிவும்கூட. ஆனால் இதில் மூன்று வாக்கர் விரல் கனத்துக்கு மேல் ஆடியது. அவ்வளவு ஆட்டத்தோடு ஓட்டியிருந்தால் கிராங்கும் தேய்ந்திருக்கும். கடைசியாக மணியை மேலே கொண்டுபோகும் எலிவேட்டரின் அடிப்பாகத்தை ஸ்க்ரூடிரைவரால் தட்டினேன். நாலாவது தட்டில் முனை உள்ளே போய்விட்டது. பெயின்ட்தான் தகடாக நின்றுகொண்டிருந்தது.

பட்டை, கான்கேவ், வாக்கர் பேரிங், எலிவேட்டர் தகடு என்று கூட்டிப் பார்த்தால், 7 பங்கு வண்டிக்கு 6 பங்கு செலவு. கிராங்கைச் சேர்க்காமல்.

வெளுத்த வண்டி

இதற்கு ஒரே சொந்தக்காரர், வயதானவர், மூன்று மாதத்துக்கு முன் விவசாயத்தை நிறுத்திவிட்டார். முன்கூட்டியே போன் செய்து, "நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க ஐயா" என்று கேட்டுக்கொண்டோம். போனதும் இன்ஜினைத் தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. இரண்டாவது சுற்றில் பிடித்தது. ஒரு நிமிடம் வெள்ளைப் புகை, அப்புறம் சுத்தம்.

ஹவர் மீட்டர் 2,600 காட்டியது. மீட்டரை நான் அவ்வளவு நம்புவதில்லை, ஓடாமல் நின்றுபோன மீட்டர் எத்தனையோ. ஆனால் பெரியவர் ஒரு நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு பக்கம்: எத்தனை மணி நேரம் ஓடியது, எந்த பேரிங், எந்த பெல்ட். பட்டைகள் ஜோடி ஜோடியாக மாற்றப்பட்டிருந்தன, தேதியோடு. டிரில் பிட் மூன்று இடத்திலும் ஒரே மாதிரி உட்கார்ந்தது. கல் பள்ளம் காலி. திருகு மாதிரி சுழன்று தள்ளும் ஆகரின் சுருள் மட்டும் ஓரத்தில் தேய்ந்து சவரக் கத்தி மாதிரி இருந்தது. தடவிப் பார்த்து என் விரல் கிழிந்ததுதான் மிச்சம்.

டிரம்மை ஓடவிட்டு முழு வேகத்தில் 20 நிமிடம் வைத்தோம். பக்கத் தகட்டில் உள்ளங்கையை வைத்தால் சீரான நடுக்கம், குதிப்பு இல்லை. நிறுத்தியதும் கழுத்தை நீட்டிக் கேட்க வேண்டும். இன்ஜின் சத்தம் அடங்கி டிரம் தானாகச் சுற்றி ஓயும் அந்த அரை நிமிடத்தில்தான் பேரிங் பேசும். ஒரு பக்கம் மணல் அரைபடுகிற மாதிரி சன்னமாகக் கேட்டது. எல்லாம் நின்ற பிறகு கையை வைத்துப் பார்த்தால், வாக்கரின் பின் கிராங்க் பேரிங் மற்றதைவிடச் சூடு. பெரியவரிடம் காட்டினோம். "ஆமா தம்பி, அதை இந்த வருஷம் மாத்தணும்னு எழுதியே வச்சிருக்கேன்" என்று நோட்டின் கடைசி வரியைக் காட்டினார். விலை பேசும்போது அந்த பேரிங்கையும், இரண்டு டயரையும், நாலு பெல்ட்டையும் சொல்லிக் கொஞ்சம் குறைத்தோம். ரொம்பவும் அடித்துப் பேச மாமாவுக்கு மனம் வரவில்லை.

வாங்கிய விலைக்கு மேல் 3 பங்கைப் பழுதுக்கென்று தனியே எடுத்து வைத்தோம். முதல் பருவம் முடிவதற்குள் 4 பங்கு செலவானது.

முதல் பருவம்

பார்லி வம்பில்லாமல் போனது. கோதுமையில் முதல் நாள் வண்டிக்குப் பின்னால் நடந்து பார்த்தால் தரையில் மணி இறைந்து கிடந்தது. இறைந்திருப்பதைக் கண்ணால் பார்த்து அளவு சொல்ல முடியாது, எண்ண வேண்டும். ஆயிரம் கோதுமை மணி சுமார் 40 கிராம். ஹெக்டேருக்கு 4 டன் என்றால் சதுர மீட்டருக்கு 400 கிராம், அதாவது 10,000 மணி. ஆக, சதுர மீட்டருக்கு 100 மணி கிடந்தால் ஒரு சதவீதம் நஷ்டம். ஆனால் வண்டி 3 மீட்டர் அகலத்தில் வெட்டியதை ஒரு மீட்டர் அகலப் பட்டையாகப் பின்னால் கொட்டுகிறது. அந்தப் பட்டையில் எண்ணியதை மூன்றால் வகுக்க வேண்டும். இதை மறந்துவிட்டுப் பதறுகிறவர்கள் உண்டு. நானும் பதறினேன்.

எண்ணியதில் 690 வந்தது. மூன்றால் வகுத்தால் 230, கிட்டத்தட்ட 2.3 சதவீதம். தாளை உதறிப் பார்த்தால் உள்ளே மணி அதிகம் இல்லை, கதிரும் காலியாகவே இருந்தது. அப்படியானால் டிரம்மிலும் வாக்கரிலும் குற்றமில்லை. மணி எல்லாம் பதரோடு சேர்ந்து கிடந்தது, சல்லடைக்கு மேலேயே காற்று தூக்கி எறிந்திருக்கிறது. ஃபேன் வேகத்தைக் குறைத்து, மேல் சல்லடையை ஒரு பல் திறந்தோம். அடுத்த எண்ணிக்கை 240, அதாவது 0.8 சதவீதம். தொட்டியில் கொஞ்சம் தூசி கூடியது, அதைப் பொறுத்துக்கொண்டோம்.

டிரம் வேகத்திலும் ஒரு தப்பு செய்யப் பார்த்தேன். தெரிந்தவர் ஒருவர் தன் வண்டியில் கோதுமைக்கு 950 சுற்று வைப்பதாகச் சொன்னார். அவருடைய டிரம் 60 சென்டிமீட்டர் விட்டம், எங்களுடையது 45. ஓரத்தின் வேகம்தான் கதிரை அடிக்கிறது. அவருடைய 950-க்குச் சமமான வேகம் எங்களுக்கு 1,270 சுற்றில்தான் வரும். சுற்று எண்ணிக்கையை வண்டிக்கு வண்டி கடன் வாங்கக் கூடாது.

நாங்கள் கோட்டை விட்டது ஹைட்ராலிக்கில். வாங்கும் நாளில் முன்னால் வெட்டும் பகுதியான ஹெட்டைத் தூக்கி நிறுத்தி, இன்ஜினை அணைத்து, பத்து நிமிடம் கழித்து அளந்து பார்த்தோம், இம்மியும் இறங்கவில்லை. அப்போது எண்ணெய் சில்லென்று கெட்டியாக இருந்தது. வயலில் இரண்டு மணி நேரம் ஓடி எண்ணெய் கொதித்த பிறகு, ஹெட் தானாகவே மெல்ல இறங்க ஆரம்பித்தது. நூறு மீட்டருக்கு ஒரு தடவை லீவரைத் தட்டித் தட்டித் தூக்க வேண்டியிருந்தது. ஒரு தடவை நான் அசந்த நேரத்தில் கட்டர் பார் மண்ணைக் கொத்தி அதன் இரும்பு விரல்களில் இரண்டு வளைந்துவிட்டன. சிலிண்டர் சீல் போயிருந்தது. சாமான் சின்னதுதான், ஆனால் அதை மாற்றுவதில் நல்ல வெயில் நாள் ஒன்று வீணானது. அன்றிலிருந்து ஹெட் இறங்காமல் தாங்கும் பூட்டுக் கட்டையைப் போடாமல் ஹெட்டுக்கு அடியில் யாரையும் குனிய விடுவதில்லை. இந்தச் சோதனையை வண்டி நன்றாகச் சூடேறிய பிறகு செய்திருக்க வேண்டும். இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று பார்த்தவன், எண்ணெய் சூடாக வேண்டும் என்று யோசிக்கவில்லை.

சீலுக்குப் போன நாளையும் சேர்த்து, கோதுமை 5 நாளில் முடிந்தது. ஆறாம் நாள் தூறல் போட்டது, நாங்கள் டிரெய்லருக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தோம்.

இப்போது வண்டி கொட்டகையில் நிற்கிறது. உள்ளே ஒரு மணி இல்லாமல் காற்றடித்துச் சுத்தம் செய்தோம், மணி இருந்தால் எலி வரும், எலி வந்தால் ஒயர் போகும். பெல்ட்களைத் தளர்த்திவிட்டோம். பெரியவரின் நோட்டு டூல்பாக்ஸில் இருக்கிறது. அவர் எழுதிய கடைசி வரிக்கு எதிரே மாமா 'பேரிங் மாற்றியாச்சு' என்று தேதி போட்டிருக்கிறார். அதற்குக் கீழே புதிதாக மூன்று வரி: ஆகர் சுருள், ஓட்ட வேகத்தை மாற்றும் புல்லி, முன் டயர் இரண்டு. புல்லியை இந்த வருடமே மாற்றலாம் என்கிறேன் நான், இன்னொரு பருவம் தாங்கும் என்கிறார் மாமா.